சைக்கிள் ஷெட்டில் ஒரு கம்ப்யூட்டர்

"செலக்ட் கட்டிங் எட்ஜஸ்" என்றாள் ஸ்டெல்லா.

முகத்தில் சிரிப்பு இல்லை, சுளிப்பு இல்லை. எனக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் பாதி மென்ற எலுமிச்சை சாதம்.

எங்கள் இருவருக்கும் நடுவே, கம்பெனி சைக்கிள் ஷெட்டின் சிமென்ட் தரையில், சாக்பீஸால் போட்ட ஒரு வட்டம். அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இரண்டு கோடுகள். என் கையில் ஒரு சோப்பு டப்பா, அதன் பின்பக்கம் சணல் கயிறு. அதுதான் மவுஸ்.

நான் சோப்பு டப்பாவை நகர்த்தி இரண்டு கோடுகளின் மேலும் ஒவ்வொரு தட்டு தட்டினேன். பிறகு தரையில் ஒரு குத்து. அது என்டர்.

"செலக்ட் ஆப்ஜெக்ட் டு ட்ரிம்."

வட்டத்தின் வெளிப்பக்கத்தில் தட்டினேன். தட்டியதுதான் தாமதம், ஈரத்துணியை எடுத்து அந்தப் பக்கத்து வட்டத்தை மொத்தமாகத் துடைத்துவிட்டாள். இரக்கமே இல்லை.

"ஐயோ, அது இருக்கணும்டி! நடுவுல கீறதுதான் போவணும்!"

மெஷின் அவள்தான். அடுத்த வாய்ச் சாதத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தது.

வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். "இன்னாமா, இந்த வயசுல பாண்டி ஆடிகினு கீறீங்க? மேனேஜர் வண்டி வர நேரம்."

"பாண்டி இல்லண்ணே, கம்ப்யூட்டர்" என்றேன். அவர் தரையைப் பார்த்தார், சோப்பு டப்பாவைப் பார்த்தார், திரும்பிக் கேட்டுக்குப் போய்விட்டார்.

இத்தனை வாரமாக இந்தப் பத்தியை எழுதுகிறேன், ஸ்டெல்லாவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மறந்து போய் அல்ல. எழுத ஆரம்பித்தால் அவளைப் பார்க்க வேண்டும் போல ஆகிவிடும், அப்புறம் அன்றைக்கு முழுக்க வேலை ஓடாது. இந்த வாரம் ஓடாவிட்டால் போகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு பக்கமிருந்தும்

எண்பதுகளின் கடைசி. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகிற சாலையில், ஒரகடம் தாண்டி, தண்ணீர் பம்புகள் தயாரிக்கிற ஒரு கம்பெனி. நான் பக்கத்து வல்லத்திலிருந்து வந்தேன். ஸ்டெல்லா வாலாஜாபாத். இருவரும் டிராயிங் ஆபீசில் டிரேசர்கள்.

டிரேசர் என்றால் என்ன என்று இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். டிராஃப்ட்ஸ்மேன்கள் பென்சிலில் படம் போடுவார்கள். திருத்தி, அழித்து, மேலே ஒன்று கீழே ஒன்று என்று கோடாகக் குவித்து வைத்திருப்பார்கள். அதன் மேல் கண்ணாடி மாதிரி ஒரு ஃபிலிமை விரித்து, எந்தக் கோடு வேண்டுமோ அதை மட்டும் இங்க் பேனாவால் இழுத்து எடுப்பது எங்கள் வேலை. வேண்டாத கோட்டை நாங்கள் தொடவே மாட்டோம். தொடாமல் விட்டால் அது தானாக இல்லாமல் போய்விடும்.

கையில் வேர்வை இருந்தால் ஃபிலிமில் இங்க் பிடிக்காது. அதனால் மணிக்கொரு தரம் கை கழுவுவோம். ஆளுக்கொரு சோப்பு டப்பா உண்டு. தலையில் எண்ணெய் வழிய வந்தால் சீஃப் டிராஃப்ட்ஸ்மேன் கோவிந்தராஜன் சார் வீட்டுக்கே அனுப்பிவிடுவார். "உங்க தல எண்ணெயில பம்ப் ஓடாதும்மா" என்பார். என் அம்மா கொடுத்த தேங்காய் எண்ணெயை நான் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கியது அவரால்தான்.

பெரிய ஷீட் வந்தால் ஒருத்தியால் ஆகாது. மேசையின் இடது பக்கம் நான், வலது பக்கம் அவள். இரண்டு பேரும் இரண்டு முனையிலிருந்து ஆரம்பித்து நடுவை நோக்கி வருவோம். நடுவில் ஒரே கோட்டை நான் இந்தப் பக்கம் பாதி, அவள் அந்தப் பக்கம் பாதி என்று இழுத்து முடிக்க வேண்டியிருக்கும். அந்தச் சமயத்தில் இருவரும் மூச்சை அடக்கிக்கொள்வோம். அவள் தலையும் என் தலையும் முட்டிக்கொள்கிற தூரத்தில் இருக்கும். அவள் பவுடர் வாசனை, பக்கத்துப் பிரிண்ட் ரூமிலிருந்து வரும் அம்மோனியா நெடி, இரண்டும் கலந்து மூக்கில் ஏறும்.

ஒட்டு தெரியாது. கோவிந்தராஜன் சார் லென்ஸ் வைத்துப் பார்ப்பார். எங்கே சேர்ந்தது என்று எங்களைக் கேட்டால் எங்களுக்கே தெரியாது.

நான் படபடவென்று பேசுகிறவள், கோபக்காரி. பென்சில் படத்தில் தப்பு இருந்தால் டிராஃப்ட்ஸ்மேன் மேசைக்கே போய்ச் சண்டை போடுவேன். அவள் சண்டை போட மாட்டாள். தப்பான இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். அந்த ஆளே எழுந்து வந்து, "இன்னா மேடம்?" என்று கேட்கும்வரை உட்கார்ந்திருப்பாள். எது சீக்கிரம் வேலை செய்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மெஷின் வந்தது

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அதற்கு அறை வந்தது. அறைக்கு ஏசி வந்தது. மே மாதத்தில் நாங்கள் ஃபிலிமுக்கும் கைக்கும் நடுவே கைக்குட்டையை வைத்துக்கொண்டு வேர்த்துக் கொட்டியபோது வராத ஏசி, இன்னும் வந்தே சேராத ஒரு பெட்டிக்காக ஒரு வாரம் வெறுமனே ஓடியது.

"அதுக்கு ஒடம்பு நோவுமாம் சார், நமக்கு நோவாதாம்" என்றேன் கோவிந்தராஜன் சாரிடம்.

"உன் வாய்க்கு ஒரு ஏசி போடணும்மா" என்றார்.

பெட்டி வந்த அன்று பூஜை. தேங்காய் உடைத்து, திரைக்கு மேலே சந்தனம் குங்குமம் வைத்தார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். தூசுக்குப் பயந்து சொன்னது, ஆனால் பார்க்கிறவர்களுக்குக் கோவிலாகிவிட்டது. மெஷின் ஷாப் ஆட்கள் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன்.

பழைய படங்களையெல்லாம் மெஷினுக்குள் ஏற்ற வேண்டும், அதற்கு டிரேசர்களில் ஒருத்தி போதும் என்று முடிவாயிற்று. அதற்கு நடத்தும் வகுப்பில் யார் தேறுகிறாளோ அவளுக்கு அந்த நாற்காலி. இன்னொருத்திக்கு டிராயிங் ஆபீசில் வேலை இருக்காது, பேக்கிங்குக்குப் போக வேண்டும்.

பேக்கிங் என்றால் நாள் முழுக்க நின்றுகொண்டு பெட்டியில் வைக்கோல் அடைப்பது. எனக்கு அது கால்வலி, கௌரவக் குறைச்சல், அவ்வளவுதான். வேலை இருக்கும். ஸ்டெல்லாவுக்கு அப்படி இல்லை.

"பேக்கிங்னா எங்கப்பா நிறுத்திடுவாருடி. ஆபீஸ் வேலைன்னுதான் இவ்ளோ நாளு உட்டு வெச்சிகினு கீறாரு. பிலாய்ல ஒரு மாப்ள ரெடியா கீறாரு. ஸ்டீல் பிளான்ட்டு" என்றாள்.

"உனக்குப் புடிக்கலியா?"

"அவர யார் பாத்தா? பிலாய்தான் புடிக்கல. அவ்ளோ தூரம் போயி இன்னா பண்றது?"

அவளுக்கு அந்த நாற்காலி தேவை. எனக்கு அது வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தத் திரையின் கறுப்பில் மஞ்சள் கோடு ஒன்று, வேர்வை இல்லாமல், பிசிறு இல்லாமல் ஒரே நொடியில் ஓடி நின்றதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

போக வேண்டியதைத் தொடு

சாஃப்ட்வேர் விற்றவர்கள் மெட்ராஸிலிருந்து பாலாஜி என்று ஒருவரை அனுப்பினார்கள். டை கட்டியவர், வெறுங்காலோடு வகுப்பெடுத்தார்.

கோடு போடுவது, வட்டம் போடுவதெல்லாம் அரை நாளில் வந்துவிட்டது. எங்களைக் கவிழ்த்தது ட்ரிம். ஒரு கோடு இன்னொரு கோட்டைத் தாண்டிப் போகிறது என்றால், தாண்டிய பகுதியை நறுக்கி எடுக்கிற வேலை. முதலில் எந்தக் கோடு கத்தி என்று காட்ட வேண்டும். பிறகு என்டர். அப்புறம், எந்தத் துண்டு போக வேண்டுமோ அந்தத் துண்டைத் தொட வேண்டும்.

கேட்க எளிது. ஆனால் எங்கள் கை என்ன பழகிய கை? இருக்க வேண்டிய கோட்டை மட்டுமே தொட்டுப் பழகிய கை. இத்தனை வருஷத்தில் வேண்டாத கோட்டின் பக்கம் அது போனதே இல்லை. மெஷின் கேட்டவுடன் கை தானாக ஓடிப் போய், பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டிய துண்டின் மேல்தான் உட்காரும். கிளிக். அது போய்விடும். வேண்டாதது மட்டும் திரையில் நின்று பல்லைக் காட்டும்.

டிராஃப்ட்ஸ்மேன்கள் வந்து பார்த்துவிட்டு ஒருமுறைகூடத் தவறாமல் செய்தார்கள். அவர்கள் ரப்பர் பிடித்தே வளர்ந்தவர்கள். இந்தத் தப்பு எங்கள் இருவருக்கு மட்டும் வந்த தப்பு.

"மேடம், இருக்க வேண்டியத விட்டுடுங்க. போக வேண்டியதத் தொடுங்க" என்று பாலாஜி சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது.

மெஷினில் எங்களுக்குக் கிடைப்பது ஆளுக்கு அரை மணி நேரம். அதில் எங்கே பழகுவது? அப்போதுதான் ஸ்டெல்லா சொன்னாள், "மெஷின் இல்லன்னா இன்னா? நான் மெஷினா இருக்கறேன், வா."

மெஷின் சிரிக்காது

சாப்பாட்டு நேரம் முழுக்க சைக்கிள் ஷெட்டில்தான். அவள் வரைவாள், கேட்பாள், துடைப்பாள். நான் தொடுவேன்.

அவள் மாதிரி ஒரு மெஷின் கிடைக்காது. கத்தியைத் தொடாத கோட்டைக் காட்டினால், "டஸ் நாட் இன்டர்செக்ட்" என்று பாலாஜியின் குரலிலேயே சொல்வாள். நான் யோசித்தபடி நின்றால் அவளும் நிற்பாள். கொசு கடித்தால்கூட அடிக்க மாட்டாள். "மெஷின கொசு கடிக்காதுடி" என்று அப்புறம் சொறிந்துகொள்வாள்.

மாற்றிக்கொள்ளலாம் என்று நானும்தான் சொன்னேன். ஒரு நாள் நான் மெஷினாக உட்கார்ந்தேன். "செலக்ட்" என்று ஆரம்பித்தவுடன் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி சிரிப்பு. சாதம் புரையேறி, அவள் என் தலையில் தட்டினாள்.

"ஒனக்கு வராதுடி. மெஷின் சிரிக்குமா? எழுந்திரு, நீ அந்தப் பக்கம் போ."

அப்படித்தான் அவள் மெஷினாகவே இருந்தாள். நான் தொட்டுத் தொட்டுப் பழகினேன். மெல்ல என் கை திரும்பியது. வட்டத்தின் நடுவே ஓடும் துண்டை, போக வேண்டிய அந்தத் துண்டை, பதறாமல் போய்த் தொட்டது. அவள் துடைத்துவிட்டு, முதல் தடவையாக மெஷின் முகத்தைக் கலைத்துச் சிரித்தாள்.



கண்ணாடிக்கு வெளியே

தேர்வு அன்று மேனேஜர், கோவிந்தராஜன் சார், பாலாஜி மூன்று பேரும் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே.

என்னை முதலில் கூப்பிட்டார்கள். பம்ப்பில் குழாய் வந்து சேரும் வாய்த்தட்டின் படம் ஒன்று, கோடுகள் கண்டபடி தாண்டிக் கிடந்தன. திரையில் கேள்வி எழுத்தாக வந்தது. எனக்கு அது ஸ்டெல்லாவின் குரலில் கேட்டது. எது கத்தி, எது போகணும், எது கத்தி, எது போகணும். தலையை நிமிர்த்தியபோது படம் சுத்தமாக இருந்தது.

பிறகு அவள் போனாள். நான் வெளியே நின்று கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் முதுகும், திரையின் ஒரு மூலையும் தெரிந்தன. பெரிய வட்டத்தின் ஒரு பக்கம் சட்டென்று காணாமல் போனது. போகக் கூடாத பக்கம். பாலாஜி குனிந்து ஏதோ சொன்னார். புதிதாகத் திறந்து கொடுத்தார். மறுபடி ஒரு கோடு போனது. அதுவும் இருக்க வேண்டிய கோடு. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "போச்சுடி" என்றாள், பஸ்ஸை விட்டவள் மாதிரி.

மறுநாள் நான் மேனேஜர் அறைக்குப் போனேன். அனுமதி கேட்டுப் போகவில்லை, நேராகப் போனேன்.

"சார், ரெண்டு பேரும் ஷிப்ட் போட்டுப் பார்க்கறோம். நான் காலையில, அவ மதியத்துக்கு மேல. பாதி நாள்ல எல்லாப் படமும் ஏறிடும்."

"செகண்ட் ஷிப்ட் முடிய ராத்திரி ஆகும். லேடீஸை அந்த நேரத்துல வெச்சுக்க சட்டத்துல இடம் இல்லம்மா."

"அப்ப ஃபர்ஸ்ட் ஷிப்டையே ரெண்டாப் பிரிங்க சார்."

"ஒரு மெஷினுக்கு ஒரு ஆள். கெடச்சத வெச்சிகினு போய் வேலையப் பாரும்மா."

கோபத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபம் வந்தால் அழுகிற சுபாவம், இன்றும் மாறவில்லை. நான் அழுவதை அவர் நன்றி என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, "சரி சரி" என்று சிரித்தார்.

ஸ்டெல்லா பேக்கிங்குக்குப் போனாள். அவள் அப்பா சொன்னபடியே செய்தார்.

இப்போதும் ஒரு தேடல்

கல்யாணத்துக்குப் போனேன். வாலாஜாபாத் சர்ச்சில் கூட்டமோ கூட்டம். வெள்ளைப் பட்டுப் புடவையில், தலைக்கு மேல் வலையோடு, யாரோ மாதிரி நின்றாள். போட்டோ எடுக்க அவள் பக்கத்தில் என்னை நிற்க வைத்தார்கள், தள்ளிவிட்டார்கள். பேச முடியவில்லை. அன்று ராத்திரியே அவர்களுக்கு ரயில்.

அவள் அப்பாவும் அடுத்த சில வருஷத்தில் மகளோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். பிலாயில் இருக்கிறாளா, அங்கிருந்து எங்காவது போய்விட்டாளா, யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. என் மருமகன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தான். ஸ்டெல்லா என்று அடித்தால் ஊர்ப்பட்ட ஸ்டெல்லாக்கள் வருகிறார்கள். ஒருத்திக்கும் அந்தக் கண் இல்லை.

ஒரகடம் பக்கம் இப்போது போனால் சாயங்காலத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. பெண்கள் ஜோடி ஜோடியாக ஏறுகிறார்கள். ஒருத்தி ஜன்னலோரம், ஒருத்தி அவள் தோளில் சாய்ந்து தூக்கம். நான் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆட்டோக்காரர், "யாரத் தேடறீங்கம்மா?" என்று கேட்டார். என்ன சொல்வது?

கணக்கு முடிக்க வந்த மதியம்

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால், அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கு முடிக்க ஸ்டெல்லா கம்பெனிக்கு வந்தாள். சாப்பாட்டு நேரம். மேனேஜர் மெட்ராஸ் போயிருந்தார். கதவுக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது.

"உள்ள வரலாமா மேடம்?"

"ஒத வாங்குவ. வாடி."

வெறுங்காலோடு உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தாள். இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டாள். "இன்னாடி, ஐஸ் பொட்டிக்குள்ள உக்காந்துகினு கீற."

திரையில் பாதி முடிந்த படம் இருந்தது. பம்ப்பின் வெளிக்கூடு. கோடுகள் எல்லாம் ஒன்றை ஒன்று தாண்டிக் கிடந்தன. ட்ரிம் செய்ய நான் நாள் முழுக்க உட்கார வேண்டும்.

நான் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன். அவள் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றேன், தோளோடு தோளாக, அவள் பவுடர் வாசனை வருகிற தூரத்தில்.

மவுஸைப் பிடித்தாள். கத்தி, கத்தி, என்டர். தொட்டாள், போனது. தொட்டாள், போனது. அடுத்தது, அதற்கடுத்தது. ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. நான் எங்கே தயங்குவேனோ அந்த மூலைகளில்கூட அவள் கை தயங்கவில்லை. எதைத் தொட்டால் எது போகும் என்று என்னைவிட அவளுக்குத்தான் தெரியும், அத்தனை நாளும் துடைத்தவள் அவள்தானே. ஒரு தப்பு இல்லை. கூடு முழுசாக, பிசிறில்லாமல் திரையில் வந்து நின்றது.

திரையையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"ஏண்டி, அன்னிக்கு இப்படிப் பண்ணியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"அன்னிக்கு நீ வெளிய நின்னுகினு இருந்தியே" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அது நிஜமா, அல்லது என்னைத் தேற்றுவதற்குச் சொன்னதா? பயத்தில் கை பழைய வழக்கத்துக்குப் போய்விட்டதா, அல்லது தெரிந்தே தப்பாகத் தொட்டு நாற்காலியை விட்டுக் கொடுத்தாளா? எனக்காகவா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் அப்போது மெஷின் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே கேட்டில் அவள் அப்பாவின் மொபெட் ஹாரன் கேட்டது. ஒரு தடவை, பிறகு நீளமாக இன்னொரு தடவை.

எழுந்தாள். என் கன்னத்தைத் தொட்டு, "ஒரு சால்வ வாங்கி வெச்சிக்கடி. இந்தக் குளிர்ல எவ்ளோ நேரம் உக்காருவ?" என்றாள். கதவு சாத்திக்கொண்டது. செருப்புச் சத்தம் வராந்தாவில் கொஞ்ச தூரம் போனது, அப்புறம் இல்லை.

நான் உட்கார்ந்தேன். நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. அது ஆறும்வரை நான் எந்தக் கோட்டையும் தொடவில்லை.